துறையடிக் கேள்வி பதில்: யார் தண்ணீர் அள்ளுவது?

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் என் வாடியைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். மட்டக்களப்பில் அம்பிளாந்துறைப் பக்கம், வாவிக்கரையில் ஒரு கிடுகுக் கொட்டில். ஒரு கட்டில், இரண்டு சட்டி, ஒரு லாம்பு, ஒரு சைக்கிள். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று முடித்திருந்தேன். அதற்குக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. முப்பத்தொரு வருடம், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களில் பிறருக்கு வந்த கடிதங்களைச் சைக்கிளில் சுமந்தவன் நான். என் பெயருக்கு இத்தனை கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. எல்லாவற்றுக்கும் பதில் எழுத ஆசிரியர் இடம் தரவில்லை. கிடைத்த இடத்துக்குள் எழுதுகிறேன்.

தபால் மாமா, எனக்கு வயது 29. கொழும்பில் ஒரு வங்கியில் வேலை. வெள்ளவத்தையில் ஓர் அறையில் மூன்று பேர் தங்கியிருக்கிறோம். இந்த இரைச்சல் போதும் என்றாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டுப் படுவான்கரையில் காட்டோரமாக ஓர் ஏக்கர் வாங்கி, தனியாக, எளிமையாக வாழ விரும்புகிறேன். எவ்வளவு பணம் சேர்த்தால் போதும்?
*- மட்டக்களப்பைச் சேர்ந்த வாசகர், கொழும்பு*

தம்பி, பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள், யானையைப் பற்றிக் கேட்கவில்லையே. எங்கள் பக்கத்தில் காட்டோரம் என்றால் யானையோரம். வவுணதீவிலும் வெல்லாவெளியிலும் மாசி, பங்குனியில் வெள்ளாண்மை வெட்டி, நெல்லை மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கிய பிறகு அது வரும். நெல் மணம் சுவருக்குள் அடங்காது. நெற்றியால் சுவரைத் தள்ளிவிட்டுத் துதிக்கையை உள்ளே விடும். குசினியில் உப்பு இருந்தால் அதையும் தேடும். வாழை, தென்னை எல்லாம் அதற்கு வழிச்செலவு. இரவில் பரணில் இருப்பவர்களை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள், அழகாகத்தான் இருக்கும். அவர்கள் நட்சத்திரம் எண்ணுவதற்காக ஏறியவர்கள் இல்லை. கையில் யானை வெடி, கீழே தீ, கண்ணில் தூக்கம். விடிந்ததும் அதே ஆட்கள் மண்வெட்டியோடு வரம்பில் நிற்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது கிணற்றின் அடி தெரியும். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் எந்த நாளில் வரும் என்று கேட்டு வைத்து, வாளிகளை வரிசையில் வைக்க வேண்டும். மார்கழி, தையில் அதே வளவில் முழங்கால் வெள்ளம். 2011 தை மாதத்து வெள்ளத்தில் இந்த வாடியின் கட்டில் மேல் ஒரு தவளை குடியிருந்தது. நான் இருக்கவில்லை. மகள் வீட்டுக்கு ஓடிவிட்டேன். சென்ற மாதம் இதை எழுதாமல் விட்டது என் பிழை.

ஆகவே வேலையை விடாமல் மூன்று தடவை வாருங்கள். ஒரு தடவை ஆவணியில், ஒரு தடவை மார்கழியில், இன்னொரு தடவை உங்களுக்குக் காய்ச்சல் கண்ட நாளில். மூன்றாவதற்கு முன்கூட்டியே நாள் குறிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாளில்தான் விஷயம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்கினால் வருவது. சுகாதாரப் பணிமனையில் அதற்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள், நான் வாங்கவில்லை, அகம்பாவம். கண் சிவந்து, கெண்டைக்கால் தொட முடியாமல் கிடந்தவனை அடுத்த வளவுப் பெண்தான் கண்டாள். அவள் மகன் என்னைத் தன் முதுகோடு சேர்த்துச் சாரத்தால் கட்டி மோட்டார் சைக்கிளில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான். நான் தனிமை என்று எழுதியதற்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள். காணியின் விலையைக் கேட்பதற்கு முன் அயலில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்தால் கடல். கடைசியாக எப்போது போனீர்கள்?

'போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து' என்கிறார்களே, அது உண்மையா?
*- வாசகர், செங்கலடி*

யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். வயலுக்குச் சொந்தக்காரரான போடியார், அதில் வேலை செய்யும் முல்லைக்காரனிடம் சொன்னால், கூலியில் ஏதோ குறையப்போகிறது.

ஐயா, 2004 சுனாமியில் எங்கள் வீடு அடியோடு போய்விட்டது. ஒன்றரை வருடம் தகரக் கொட்டிலில் இருந்தோம். ஒரு பானை, இரண்டு பாய், யாரோ கொடுத்த உடுப்பு. பகலில் தகரம் கொதிக்கும், உள்ளே இருக்க முடியாது. உங்கள் வாடியைப் பற்றிப் படித்தபோது, நானும் அப்போது எளிமையாகத்தான் வாழ்ந்தேனோ என்று தோன்றியது. தப்பாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொட்டில் வாசலில் பால்மா டின்னில் ஒரு கொச்சிக்காய்க் கன்று வைத்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. அது சரியா?
*- வாசகி, தம்பிலுவில்*

அக்கா, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். 'இரண்டு சட்டி போதும்' என்று பெருமையாக எழுதியபோது, இரண்டு சட்டியையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் அதை வாசிப்பார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. அம்பாறைக் கரையில் அந்த ஒரு காலையில் எத்தனை ஆயிரம் பேர் போனார்கள் என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் வாழ்ந்ததற்கு எளிமை என்று பெயர் வைக்க நான் உடன்பட மாட்டேன். என்னிடம் ஒரு கதிரை இருந்தது, அதை வேண்டாம் என்று மகளிடம் கொடுத்தேன். நாளைக்கு முதுகு வலித்தால் திருப்பி வாங்கிக்கொள்வேன். உங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி முடிந்த காலையில் எங்கள் வளவைப் பார்த்த நினைவு எனக்கு இருக்கிறது. தென்னந்தோட்டம் முழுக்கத் தலையில்லாத மரங்கள். என் தாய் இடிந்த குசினிக்குள் புகுந்து அம்மியையும் குழவியையும் இழுத்தெடுத்துக் கழுவிவிட்டு, அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். எங்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அந்த நேரம் யாராவது வந்து 'எளிமையில் இன்பம் இருக்கிறது' என்று சொல்லியிருந்தால், அந்தக் குழவி சும்மா இருந்திருக்காது. 2022-இல் எரிவாயு கிடைக்காமல் ஊர் முழுவதும் விறகுக்குத் திரும்பியபோதும் 'பழைய காலம் வந்துவிட்டது, நல்லதுதான்' என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்கள் எல்லோரும் ஆண்கள். என் மகள் மழையில் நனைந்த பாளையை ஊதி ஊதி இருமிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்தக் கொச்சிக்காய்க் கன்றைப் பற்றி நீங்கள் சந்தேகப்படவே வேண்டாம். பானையும் பாயும் யாரோ தந்தவை, தகரம் யாரோ அறைந்தது. அந்தக் கன்றை நீங்களாக வைத்தீர்கள். விதை எங்கிருந்து கிடைத்தது என்று எழுதவில்லையே? சமைக்கத் தந்த செத்தல் மிளகாயிலிருந்தா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அறிய ஆவலாக இருக்கிறேன்.

மீன் பாடும் தேன்நாடு என்கிற மட்டக்களப்பில் பிறந்தும் மீன் பாடி நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா, அல்லது எல்லோரும் சும்மா சொல்கிறார்களா?
*- உயர்தர மாணவர், கல்லடி*

கேட்டிருக்கிறேன் மகன். இரண்டு தடவை. நீங்கள் கல்லடிப் பாலத்திலிருந்து கேட்கப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. பாலத்துக்குக் கிட்டத் தோணியில் போக வேண்டும். சித்திரையிலிருந்து புரட்டாதிக்குள், மழை தொடங்கும் முன், பௌர்ணமியை ஒட்டிய ஓர் இரவு. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு நுனியில் காதை வைக்க வேண்டும். பத்து நிமிடம் உங்கள் மூச்சுதான் கேட்கும். அதற்குப் பிறகு தோணிக்காரர் விடும் மூச்சு. அப்புறம், சுருதிப் பெட்டியைத் தலையணைக்குள் வைத்து அமுக்கியதுபோல ஒன்று வரும். அதைப் பாட்டு என்று சொல்லப் பெரிய மனம் வேண்டும். எனக்கு அது போதுமாக இருந்தது.

1848-இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இப்படித்தான் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்தார். 1950-களில் இங்கிருந்த யேசு சபைக் குருவான லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவே செய்தார். மீனா, சிப்பியா, நத்தையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நான் மூன்றாவது தடவை போனது 2013-இல் புதுப் பாலம் திறந்த பிறகு. துடுப்பில் காதை வைத்தால் லொறிதான் பாடியது. பரீட்சை முடிந்ததும் ஒரு தோணிக்காரரைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். நடுச்சாமத்தில் போங்கள்.

எனக்கு வயது 38, ஆசிரியை. கலியாணம் செய்யவில்லை, இனிச் செய்யும் எண்ணமும் இல்லை. பாடசாலை முடிந்து வந்தால் வீட்டுத் தோட்டம், வாசிப்பு, அந்தியில் கடற்கரை. எனக்கு நிறைவாகவே இருக்கிறது. ஊருக்குத்தான் நிறைவு இல்லை. பெரியம்மா வாரம் ஒரு தடவை வந்து அழுகிறார். என்ன சொல்வது?
*- வாசகி, களுவாஞ்சிக்குடி*

மகள், என்னைப் போல ஒரு கிழவன் கரையில் தனியாக உட்கார்ந்தால் ஞானி என்கிறார்கள். ஒரு பெண் உட்கார்ந்தால் மந்திரித்து நூல் கட்ட ஆள் தேடுகிறார்கள். காரைதீவு விபுலாநந்த அடிகள் துறவியானதை இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிற மண்தான் இது. அவர் துறவியாகிச் செய்தது என்ன? பாடசாலைகளைக் கட்டி நடத்தினார், பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார், பழைய யாழைத் தேடி வருடக்கணக்காகக் கணக்குப் போட்டார். 1947-இல் அந்த ஆராய்ச்சி யாழ் நூலாக வெளிவந்து அடுத்த மாதமே கண்ணை மூடினார். நீங்களும் பகல் முழுவதும் முப்பது நாற்பது பிள்ளைகளோடு நின்றுவிட்டுத்தான் அந்தியில் கடலைப் பார்க்கிறீர்கள். இதில் ஊருக்கு என்ன நட்டம்?

அதோடு, ஒன்றை எங்கள் பக்கத்துப் பெண்களே மறந்துவிடுகிறார்கள். இங்கே வீடு பெண்ணுக்கு. ஆண் தாயின் வீட்டிலிருந்து மனைவியின் வீட்டுக்குப் போகிறான், கடைசிக் காலத்தில் மகளின் வீட்டுத் திண்ணை. நான் இந்த வாடியைப் போட்டதற்கு முக்கால் காரணம் அதுதான், துறவு கால்வாசி. உங்களுக்கு உங்கள் பெயரில் கூரை இருக்கிறது.

பெரியம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அழுது முடிந்ததும் ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்து, கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். அவர் கடைசியாக எப்போது கடலைப் பார்த்தார் என்று யாருக்குத் தெரியும்?

கைத்தொலைபேசியை விட்டுவிடுவது எப்படி?
*- வாசகர், அக்கரைப்பற்று*

என்னிடமும் ஒன்று இருக்கிறது, பொத்தான் வைத்தது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கிடக்கும். ஏழு மணிக்கு மகள் அழைப்பாள். எடுக்காவிட்டால் ஏழேகாலுக்கு மருமகன் வாசலில் நிற்பார். எனக்கே விடத் தெரியவில்லை, உங்களுக்கு எங்கே சொல்லித் தருவது?

தபால் அண்ணன், ஒரு முறைப்பாடு. என் கணவர் உங்கள் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர். சில மாதங்களாக நாலரைக்குத் தூண்டிலை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போகிறார், எட்டு மணிக்கு வருகிறார். மீனும் இல்லை. கேட்டால் 'மனம் அமைதியாக இருக்கிறது' என்கிறார். எனக்கு இரண்டு பிள்ளைகள், மாமி படுத்த படுக்கை. சென்ற மாதம் உங்கள் வாடியைப் பற்றிப் படித்துவிட்டு இரவு முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?
*- வாசகி, ஆரையம்பதி*

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நான் இளவயதில் செய்ததை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். தபால் கொடுத்து முடிய மூன்று மணியாகும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தபால் கட்டிலும் நான்கைந்து வெளிநாட்டுக் கடிதம் இருக்கும். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் எழுதியவை. வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கு நானே வாசித்துக் காட்டுவேன். அழுவார்கள். அந்த அழுகையையெல்லாம் காதில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போக முடியாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, துறையடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்காருவேன். கடைசிப் பாதை, அதாவது ஆட்களை ஏற்றும் மிதவை, அக்கரையிலிருந்து வந்து கட்டும்வரை இருப்பேன். கம்பில் உட்கார்ந்து நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். கிண்ணை மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். தண்ணீர் முதலில் செம்பாகவும் பிறகு ஈயமாகவும் மாறும். என்னைப் போல மனம் பக்குவப்பட்ட தபால்காரன் இலங்கையிலேயே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. கிணறு ஒழுங்கை முடிவில், நாலு வீட்டுக்குப் பொது. அந்தியில் ஆறு குடம் அள்ள வேண்டும். ஒருநாள் நான் போனபோது என் மனைவி ஆறாவது குடத்தோடு வாசலில் ஏறிக்கொண்டிருந்தாள். நான் குடத்தை வாங்கவில்லை. வாவித் தண்ணீரில் அன்றைக்கு வெளிச்சம் எப்படி விழுந்தது என்று சொல்லத் தொடங்கினேன். முழுவதையும் கேட்டாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நானும் தினமும் தண்ணீரைத்தான் பார்க்கிறேன். குடத்துக்குள்."

அவ்வளவுதான். சண்டை பிடிக்கவில்லை.

அந்தச் சொல் கேட்டு அன்றே திருந்தினேன் என்று எழுத எனக்கும் ஆசை. திருந்தவில்லை. இரண்டு வருடம் எடுத்தது. பிறகு ஒரு சிறுபோகம் முடிந்த கையோடு இரண்டு பேரைப் பிடித்து வளவுக்குள்ளேயே கிணறு தோண்டினேன். அந்தித் தண்ணீர் என் பொறுப்பாயிற்று. மிஞ்சிய அந்த அரை மணி நேரத்தில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கோயிலுக்குப் போகவில்லை, அயலுக்குப் போகவில்லை. யாரும் பேசக் கூடாது. பேசினால் கையைக் காட்டுவாள். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபிறகுதான், நான் துறையடியில் அனுபவித்தது எவ்வளவு விலையுள்ளது, அதை யாருடைய கணக்கில் எடுத்திருந்தேன் என்று விளங்கியது. 2016-இல் போய்விட்டாள். இப்போது வாடியில் எனக்கு இரண்டு வாளி போதும். நானே அள்ளுகிறேன். யாரும் மெச்ச வேண்டியதில்லை, முப்பது வருடம் பிந்திய வேலை.

எழுதுவதை நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்துவதற்கு முன் உங்கள் கணவருக்கு நாலு வரி.

தம்பி, இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறீர்களாமே, மகிழ்ச்சி. கரையில் உட்காருவதில் பிழை இல்லை. மூன்றரை மணி நேரம் நீளம். நாளை நாலரைக்குத் தூண்டிலை உங்கள் மனைவியிடம் கொடுத்து அனுப்புங்கள். மீன் பிடிக்கச் சொல்லாதீர்கள். அவர் திரும்பி வரும்வரை நீங்கள் வீட்டில் இருங்கள், பிள்ளைகளின் பாடத்தைப் பாருங்கள், கஞ்சியை ஆற்றிப் பருக்குங்கள். படுக்கையில் இருப்பது உங்கள் தாய். வந்தவரிடம் எங்கே போனாய், என்ன பார்த்தாய் என்று கேட்க வேண்டாம். மறுநாள் நீங்கள் போங்கள்.

மாமா, நாங்கள் நண்பர்கள் நான்கு பேர் உங்கள் வாடியை ஒருநாள் வந்து பார்க்கலாமா? வரும்போது என்ன கொண்டுவர?
*- வாசகர்கள், மட்டக்களப்பு நகர்*

வாருங்கள். குருக்கள்மடத்துத் துறையில் பாதை ஏறினால் சைக்கிளையும் கூடவே ஏற்றலாம். இறங்கி, தபால்காரரின் வாடி எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். பார்க்க ஒன்றும் இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். மத்தியானம் சோறும் முருங்கையிலைச் சுண்டலும் இருக்கும். வலையில் பட்டால் இறாலும் இருக்கும். தயிர்ச் சட்டி வாங்கி வந்துவிடாதீர்கள், அடுத்த வளவில் எருமை நிற்கிறது, அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வெறுங்கையோடு வர மனம் இல்லையென்றால், என் கிணற்று வாளிக் கயிறு இற்றுப்போய்க் கிடக்கிறது. பத்து முழம் போதும். நைலோன் வேண்டாம், ஈரக் கையில் வழுக்குகிறது. தும்புக் கயிறாகப் பார்த்து வாங்குங்கள்.